இருமல் வரும் இடம்

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஸ்டெல்லா அக்கா வருத்தப்படுவாள். அவர் யாருடைய பாட்டுகளைப் பாடினாரோ அந்த வெளிநாட்டு ராக் குழுவின் பெயரையும் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் வேறு. பெங்களூரில் அந்தப் பெயரை எடுத்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள். கூடினால் சண்டை போடாமல் கலையமாட்டார்கள். முதல் டிரம்மர் பெரியவரா, அவரைத் துரத்திவிட்டு வந்த இரண்டாவது டிரம்மர் பெரியவரா என்று ஆரம்பித்து, நீயெல்லாம் நேற்று மழையில் முளைத்த ரசிகன் என்பது வரைக்கும் போய்விடும்.

நாங்கள் அந்தக் குழுவின் நகல். இப்படிச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமே கிடையாது. லிங்கராஜபுரத்தில் கார் கண்ணாடி மாட்டுகிற கடைக்கு மேலே ஒரு அறை எங்களுக்கு உண்டு. சத்தம் கீழே போகாமல் இருக்கச் சுவர்களில் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கிடார் வாசிப்பவன் சதீஷ். பேஸ் கிடார் மஞ்சு. அவனுக்கு வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நான் டிரம்ஸ். வார நாட்களில் ஒரு மொத்த மருந்துக் கடையில் ஸ்டாக் பார்க்கிற பாபு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் உலகப் புகழ்பெற்ற இரண்டாவது டிரம்மர். முதலாமவரை எனக்குப் பிடிக்காது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

நகல் குழுக்களுக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தக் குழு கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு மேடைக் கச்சேரியை அப்படியே பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். ரசிகர்களுக்கு அதுதான் வேதம். மேடையில் வாசித்தது என்பதால் அதில் தவறுகளும் இருக்கும். ஒரு பாட்டில் கிடார்காரர் தப்பான சுரத்தில் விரலை வைத்துவிட்டு அவசரமாக வேறிடத்துக்குத் தாவுவார். இன்னொன்றில் டிரம்மரின் கையிலிருந்து குச்சி நழுவி, அரைத் தாளம் காலியாகப் போகும். கடைசிக்கு முந்தைய பாட்டில், ஒரு நீண்ட வரியை இழுத்து முடிப்பதற்கு முன்னால், பாடகர் இருமிவிடுவார். நகல் குழு என்றால் இவை எல்லாவற்றையும் அப்படியே வாசிக்கவேண்டும். சரியாக வாசித்தால் கூட்டத்துக்குக் கோபம் வரும். இந்திராநகர் பப்பில் பீர் கோப்பையோடு நிற்கிற ஆள் பாட்டுக்காகவா வந்திருக்கிறான்? இருமலுக்காகக் காத்திருக்கிறான். இருமல் வந்ததும் பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துவான்.

எங்கள் பழைய பாடகர் கனடாவுக்குப் போய்விட்டார். பெங்களூர்ப் பாடகர்கள் எல்லாரும் கடைசியில் கனடாவுக்குத்தான் போகிறார்கள். அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது இவர் வந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு ஏற்றுமதித் துணி ஆலையில் கணக்குப் பிரிவு. முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். சதீஷ் என்னைப் பார்த்தான். கண்ணாடிக் கடைக்கு வந்தவர் தெரியாமல் மேலே வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் பாட ஆரம்பித்ததும் சதீஷ் வாசிப்பதை நிறுத்திவிட்டான். குரல் ஒத்துப்போவது பெரிய விஷயமில்லை. பழகினால் யாருக்கும் வரும். அசல் பாடகர் மூச்சை எங்கே எடுப்பார், எந்தச் சொல்லுக்கு முன்னால் உதட்டை நனைப்பார் என்பதெல்லாம் கூட இவரிடம் இருந்தது. கண்ணை மூடினால் இசைத்தட்டு ஓடியது. கண்ணைத் திறந்தால் டிபன் பை.

பிறகு அந்த இடம் வந்தது. பழைய பாடகர் அங்கே நடித்து இருமுவார். இவர் இருமினார், அவ்வளவுதான். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. மஞ்சு பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"வேணாம் தம்பி. அங்க தண்ணி கிடையாது. அடுத்த வரி முடிஞ்சப்புறம்தான் குடிப்பாரு," என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் அதே இருமல், அதே கண்ணீர். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படிண்ணா கரெக்டா வரவைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் வரவைக்கிறதில்ல பாபு. அந்த இடம் வந்தா அது வரும்," என்றார் சாதாரணமாக.

நல்ல மனுஷர். அதைச் சொல்லியாக வேண்டும். என் மகன் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் என்னோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். என் மாமனார் கூட மத்தியானம் தூங்கப் போய்விட்டார். ஒருமுறை கச்சேரி முடிந்து வெளியே வந்தால் கொட்டுகிற மழை. என் சின்ன டிரம்மைத் தன் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் ஓடினார். ஆட்டோக்காரர் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாசம் என்று கன்னடத்தில் கேட்க, மஞ்சு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எங்கள் ஊர் ரசிகர்களிடம் ஒரு கதை உண்டு. அந்தக் குழு வேறு ஏதோ நாட்டுக்குப் போகும் வழியில், விமானம் கோளாறாகி, பெங்களூர்ப் பழைய விமான நிலையத்தில் சில மணி நேரம் உட்கார்ந்திருந்ததாம். நடந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ரசிகர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார்கள். கிடார்காரருக்கு நெருப்புப்பெட்டி கொடுத்தவர்களை மட்டும் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபம் நிரம்பும். ஒரு கச்சேரி முடிந்தபிறகு இந்தப் பேச்சு வந்தது. ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள். நான் இவரைச் சீண்டினேன்.

"நீங்களும் அங்கதான் இருந்தீங்களா அண்ணா?"

"நான் எங்க இருந்தேன்? அப்ப நான் ஓசூர்ல பி.காம் படிச்சிக்கினு இருந்தேன்," என்றார். உப்புக்கடலையை எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அந்த ஏர்போர்ட் காபி ரொம்ப இனிப்பு. பாதிக் கப்ப அப்படியே வெச்சிட்டேன்," என்றார்.

மேசையில் இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று எனக்கும் பட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அசல் பாடகர் ஒரு சுற்றுப்பயணத்தில் மேடைப் படியில் தவறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். செய்தி வந்தது. அந்த ஞாயிறு இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து மேலே வந்தார்.

"கால்ல இன்னாண்ணா ஆச்சு?"

"அவருக்கு அடிபட்டுடுச்சில்ல."

மஞ்சு கிடாரைக் கீழே வைத்துவிட்டான். "அவரு விழுந்தா உங்களுக்கு ஏன் குரு வலிக்குது?"

"வலியில்ல மஞ்சு. நடக்க வர்ல, அவ்ளோதான்."

மேடைக்கு நல்லதுதான் என்று சதீஷ் சொன்னான். உண்மையில் அந்த மாதம் எங்கள் கச்சேரிக்குக் கூட்டம் அதிகம் வந்தது. இவர் நொண்டிக்கொண்டு மேடையேறியபோது எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே அந்த ஆள் கட்டைப் பிரித்துப்போட்டு நடக்கத் தொடங்கிய வாரம் இவருக்கும் சரியாகிவிட்டது. அசல் பாடகர் ஏதோ பேட்டியில் இனி மாமிசம் தொடுவதில்லை என்றார். இவர் விவேக் நகரில் தன் வீட்டுப் பிரியாணியை நகர்த்தி வைத்துவிட்டார். ஸ்டெல்லா அக்காவின் பிரியாணியை நகர்த்தி வைப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

ஸ்டெல்லா அக்கா அவர் மனைவி. குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற சந்தில் தையல் கடை வைத்திருந்தாள். முதல் நன்மை என்கிற சடங்குக்குப் போகிற சிறுமிகளின் வெள்ளை கவுன்களை அவளை மாதிரித் தைக்க ஆளில்லை. வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிற கூட்டத்தில் வண்டியை நிறுத்த இடமில்லாமல் அவள் கடை வாசலில் நிறுத்துவேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசுவாள்.

"பாபு, உங்க வெளிநாட்டு ஆளு ரெண்டு தடவ டைவர்ஸ் பண்ணவராமே? இப்ப மூணாவது பொண்டாட்டியாம்?"

"ஆமாக்கா."

"அதையும் விட்டுட்டாருன்னு நியூஸ் வந்தா எனக்கு ஒரு போன் போடு. துணிமணியக் கட்டி ரெடியா வெச்சுக்கறேன்."

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்திவிட்டாள். துணியை மடித்துக்கொண்டே, "நேத்து அவர்கிட்ட, உனக்கு வெண்டைக்காப் பொரியல் பண்ணட்டுமான்னு கேட்டேன். அவருக்குப் பிடிக்குமான்னு தெரியல ஸ்டெல்லாங்கறாரு. எனக்கு முதல்ல புரியல. யாருக்குன்னு கேட்டா பேப்பரப் பிரிச்சு உக்காந்துட்டாரு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். இந்தப் பாட்டு எப்படி என்றால், அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்பார். உங்களுக்கு என்று கேட்டால் கேள்வியே புரியாதவர் போல நம் முகத்தைப் பார்ப்பார். சேர்ந்த புதிதில் ஆலை மேலாளரைத் திட்டுவார், ஓசூர் ரோடு டிராபிக்கைத் திட்டுவார். அதெல்லாம் எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசினால் அந்தக் குழுவைப் பற்றிப் பேசினார். இல்லையென்றால் எதிரே உட்கார்ந்து நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் தொங்குகிற சட்டையைப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. ரசிகர்களில் பைத்தியங்கள் பலவிதம். காதில் துளை போட்டவனைத் தெரியும், மகளுக்கு டிரம்மரின் பெயரை வைத்தவனைத் தெரியும். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது கை நடுங்கிய விஷயத்தில்.

ஒரு கச்சேரியில் மைக் பிடித்திருந்த அவருடைய இடது கை நடுங்கியது. பின்னாலிருந்து பார்க்கிற எனக்கு நன்றாகத் தெரிந்தது. வலது கைக்கு மாற்றிக்கொண்டார். முடிந்ததும் கேட்டேன். "தெரியல பாபு, திடீர்னு ஆரம்பிச்சிடுச்சு," என்றார். வயசாகிறது, சர்க்கரையாக இருக்கும், டாக்டரைப் பாருங்கள் என்றேன். மழைக்காலம் போனது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற நேரத்தில் செய்தி வந்தது. அசல் பாடகருக்கு இடது கை நடுக்கமாம், சமீபத்தில்தான் தொடங்கியதாம், இனிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கமாட்டாராம்.

நான் சதீஷுக்குப் போன் செய்தேன். "டேய், இவருக்கு மழைக்கு முன்னாடியே வந்துடுச்சுடா."

சதீஷ் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். "வீடியோல பாத்திருப்பாரு. நம்ம கண்ணுக்குத் தெரியாதது இவர் கண்ணுக்குத் தெரியும். நியூஸ்காரனுக்கு லேட்டாத் தெரிஞ்சிருக்கும்," என்றான். நியாயமான பதில். அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டபோது நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலையே பார்த்தேன். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் உடம்பைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வயிற்றைப் பிடிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா, தோளைத் தடவுகிறாரா.

மூச்சு வாங்கினார். கோடையில் அது தொடங்கியது. எங்கள் படிகளை ஏற நடுவில் ஒருமுறை உட்காருவார். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. அக்கா பெரிய மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போய் எல்லாப் பரிசோதனையும் செய்தாள். நுரையீரல் சுத்தம், இரத்தம் சுத்தம், ஸ்கேனில் ஒன்றுமில்லை. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இவர் சாப்பிட்டுக்கொண்டே இளைத்தார்.

இது நடந்து கொஞ்ச காலம் கழித்து, அசல் பாடகரின் குடும்பம் அறிக்கை விட்டது. நுரையீரலில் நோய். விடைபெறும் சுற்றுப்பயணம் ரத்து. ரசிகர்கள் அனைவரும் பிரார்த்திக்க வேண்டும்.

அந்த வாரமே ஸ்டெல்லா அக்கா எங்கள் அறைக்கு வந்தாள். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. தொங்குகிற மெத்தைகளைப் பார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அவர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

"நான் படிச்சவ இல்ல. கேக்கறது தப்பா இருந்தா சொல்லுங்க," என்றாள். "அந்த ஆளு செத்துட்டா இவரும் செத்துடுவாரா?"

மஞ்சு, "சே, பிடு அக்கா, விடுங்க, அப்படியெல்லாம் ஆவாது," என்றான். ஆனால் அவனும் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. எதுவும் கேக்கல. உங்க பாட்டுலதான் இது ஆரம்பிச்சிச்சு. நீங்கதான் எதனா பண்ணணும் பாபு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்ன செய்வது? பாடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. வீட்டில் உட்கார்ந்தாலும் இளைத்தார். சதீஷ்தான் அந்த யோசனையைச் சொன்னான். இத்தனை வருடமாக நாம் தவறுகளோடு வாசிக்கிறோம். அந்தக் கச்சேரி எப்படி நடந்ததோ அப்படியே. இன்றைக்கு ஒருநாள் சரியாக வாசிப்போம். தப்பான சுரம் வருகிற இடத்தில் நான் சரியானதைப் பிடிக்கிறேன். நீ குச்சியை நழுவவிடாதே. அந்த ஆள் நடந்த வழியில் இல்லாமல் நாம் வேறு வழியில் போனால் இவர் தனியாகத்தானே நடக்கவேண்டும்? கேட்பதற்குக் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. வேறு கிறுக்குத்தனம் யாரிடமும் இல்லை.

அவர் வந்தார். அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். பாட்டு தொடங்கியது. சதீஷ் சரியான சுரத்தில் விரலை வைத்தபோது அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. இல்லாத படியில் கால் வைத்தவர் மாதிரி. ஆனாலும் தொடர்ந்தார். அடுத்ததில் நான் குச்சியை இறுக்கிப் பிடித்தேன். அரைத் தாளம் காலியாகப் போகவேண்டிய இடத்தில் தாளம் விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

இருமல் வரும் பாட்டு. அந்த நீண்ட வரி. வழக்கமாக அந்த இடத்தில் நாங்கள் இழுத்துக்கொடுப்போம், இருமி முடிக்கட்டும் என்று. அன்றைக்கு இழுக்கவில்லை. நேரே அடுத்த வரிக்குப் போய்விட்டோம். அவர் வாய் திறந்திருந்தது. இருமல் வந்து தொண்டையில் நிற்பது தெரிந்தது. அதற்கு இடம் கிடைக்கவில்லை. மைக்கை விட்டுவிட்டார். வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாபு, எனக்கு இந்த இடம் தெரியாது," என்றார். சின்னப் பிள்ளை கோயில் திருவிழாவில் தொலைந்துபோனால் எப்படி ஒரு முகம் இருக்கும், அந்த முகம். "இங்க நான் வந்ததே இல்ல. எங்க போவணும்? பாபு, எங்க போவணும்?"

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவார் என்று தோன்றியது. "என்னைப் பாருங்கண்ணா. என்னைப் பாத்துக்கினே வாங்க," என்று கத்தினேன். உதட்டால் தாளம் எண்ணினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் உதடும் எண்ணத் தொடங்கியது. நான் தலையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். பிறகு பாடினார்.

அது அசல் பாடகரின் குரல் இல்லை. கொஞ்சம் கட்டைக் குரல், சுருதி லேசாக விலகியது. பாட்டு முடிந்ததும் வியர்த்துப்போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வெகுநேரம் கழித்து, பசிக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்றோ, அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள், ஏதாவது வாங்கிவர.

"இதுதான் அவர் சொந்தக் குரலாக்கா?" என்று பிறகு கேட்டேன்.

அவள் யோசித்தாள். "இல்லப்பா. ஆனா எங்கயோ கேட்ட குரல்தான்."

அவர் தேறினார். வாரத்துக்கு வாரம் தெரிந்தது. கன்னம் நிரம்பியது. படியேற மூச்சு வாங்கவில்லை. இடது கை நடுக்கம் போயே போய்விட்டது. அசல் பாடகர் அங்கே செத்துப்போன செய்தி ஒரு மத்தியான வேளையில் எல்லாருடைய போனுக்கும் வந்தது. நான் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். விவேக் நகர் வரைக்கும் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். நான் ஜெபம் சொல்கிறவன் இல்லை. சந்துக்குள் நுழைந்தால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அன்றைக்கு நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

உள்ளே அவர் தட்டில் பிரியாணியைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வா பாபு, உக்காரு," என்றார். "கேள்விப்பட்டேன். பாவம், பெரிய பாட்டுக்காரர்." யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். இன்னும் வேண்டுமா என்று கேட்காமலே வைத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமான வீட்டில் நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

எனக்குப் பிரியாணியில் இருக்கிற பட்டையையும் கிராம்பையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிற ஒரு பழக்கம் உண்டு. அதற்காக என் மனைவியிடம் திட்டு வாங்காத நாளில்லை. அன்றும் அடுக்கினேன். நிமிர்ந்தபோது அவர் தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் பட்டையும் கிராம்பும் வரிசையாக இருந்தன. அவர் எனக்கு முன்னாலேயே சாப்பிட உட்கார்ந்தவர்.

வீட்டுக்கு வந்து சதீஷ் போனில் பதிவு செய்து அனுப்பியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் போட்டேன். அதுவரை கேட்கத் தோன்றவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நீ எப்போலருந்து பாட ஆரம்பிச்ச?" என்றாள். நம் குரல் நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இப்போது அவர் பாடுவதில்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். என்னை மாதிரிச் சிரிக்கிறார். முதல் டிரம்மரைத் திட்டுகிறார். மறக்காமல் வந்து பார்க்கிறானே என்று அக்கா எனக்காக நேர்ந்துகொள்கிறாளாம். அவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று அவள் நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். அவர் எழுந்து நடப்பதை, கையைத் தூக்குவதை, படிப்பதற்குக் கண்ணாடியைத் தேடுவதை எல்லாம் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லபடியாக இருந்தால் நிம்மதியாகத் திரும்புவேன்.

போன மாதம் போயிருந்தேன். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் பதில் சொல்லவில்லை. அக்கா மிஷினை நிறுத்தாமலே, "இந்தப் பக்கம் வந்து பேசு பாபு. கொஞ்ச நாளா வலது காது மந்தமா இருக்குது அவருக்கு. டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கறாரு. வயசாவுது இல்ல?" என்றாள். அவள் குரலில் கவலையே இல்லை. இதைவிடப் பெரியதையெல்லாம் தாண்டி வந்தவள்.

நான் எழுந்து அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து காலையில் விழித்ததும் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். தெருவில் பால்காரர் வண்டி, மேல்வீட்டு மிக்ஸி, சமையலறையில் குக்கர். எல்லாம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். இன்று காலையும் அப்படித்தான் எல்லாம் கேட்டது என்று நினைத்து எழுந்து வந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேனே, காதில் விழவில்லையா என்று என் மனைவி கேட்டாள்.